பேனையால் வெட்டின பட்டம்

கழுத்தில் தொங்கவிடுகிற அட்டையில் அவருடைய பெயருக்கு முன்னால் 'புரொபசர்' என்று அச்சடித்துவிட்டார்கள். மாநாட்டு வாசலில் மேசை போட்டு இருந்த பிள்ளை அதைச் சிரித்தபடி நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்த பேனையை எடுத்து அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு கீறினார். ஒரு கோடு போதாது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டாவதும் கீறினார். அதன் பிறகுதான் கழுத்தில் மாட்டினார்.

நான் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த பற்றிஸ் தட்டு இரண்டை ஏந்திக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன்.

"ஏன் புரொபசர், அவையளாத் தந்ததுதானே. விடுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமெல்லே, அண்ணை" என்றார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். தன்னுடைய ஆராய்ச்சிக்கு வந்து கதைத்த ஒருவருடைய பெயரையும் அவர் எங்கேயும் எழுதினதில்லை. அதே மரியாதையை நானும் அவருக்குச் செய்கிறேன். கடையில் நாங்கள் எல்லோரும் அவரைப் புரொபசர் என்றுதான் கூப்பிடுவோம். கூப்பிடும்போதெல்லாம் திருத்துவார். "நான் புரொபசர் இல்லை, அண்ணை. ஆராய்ச்சியாளர். அதுவும் புரட்டாதி வரைக்கும்தான்." அவருடைய வேலை வருசத்துக்கு வருசம் முடிந்து முடிந்து புதுப்பிக்கிற வேலை. முடிகிற மாதம் மாறும், திருத்தம் மாறாது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஹொலண்டில் பூக்கன்று வளர்க்கிற கண்ணாடிக் கூடங்களில் பதினாலு வருசம் குனிந்து வேலை செய்து, அந்த நாட்டுப் பாஸ்போட் எடுத்து, அதோடு லண்டனுக்கு மாறி வந்தவன். கோலியர்ஸ் வுட்டில் ஒரு அறைக் கடையில் தொடங்கி, இன்றைக்கு ஒரே நாளில் மூன்று கல்யாண வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பக்கூடியவன். தென் லண்டனில் என்னுடைய மட்டன் ரோல்ஸ் சாப்பிடாத தமிழன் ஒருவன் இருந்தால் அவன் நேற்று வந்து இறங்கினவனாக இருக்கவேண்டும். ஒரு கல்யாணத்தில்கூட என்னுடைய ரோல்ஸ் மிஞ்சித் திரும்பி வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்லுவதென்றால் இன்னும் எவ்வளவோ கிடக்கிறது.

அவர் கடைக்கு வந்தது பிரித்தானியா ஐரோப்பாவை விட்டுப் போவதென்று வாக்களித்த காலம். யன்னலோரம் இருப்பார். ஒரு பிளேன்ரீ, ஒரு உழுந்து வடை. கையில் ஒரு கட்டுத் தாள். தான் எழுதினதைத் தானே வெட்டிக்கொண்டிருப்பார். ஐம்பது வயசு இருக்கும். டென்மார்க்கில் வளர்ந்து படித்தவர், குடும்பம் இல்லை. மழைக் கோட்டின் இடப்பக்கப் பையில் எப்போதும் மை ஊறின ஒரு அடையாளம் இருக்கும்.

"என்ன ஆராய்ச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஐரோப்பிய ஒருங்கிணைப்பு" என்றார்.

"அது என்ன சாமான்?"

அவர் சிரிக்கவில்லை. கேட்டவன் படிக்காதவன் என்று பதிலைச் சின்னதாக்கவும் இல்லை. தாளைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார். "நாடுகள் எல்லையைத் திறந்துவிட்டா சனம் வேலை இருக்கிற இடத்துக்குப் போகும் எண்டு படிச்ச ஆக்கள் நினைச்சவை. ஆனா எங்கட சனம் ஜேர்மனியில, ஹொலண்டில, பிரான்சில வேலையும் இருக்க, வீடும் இருக்க, எல்லாத்தையும் விட்டிட்டு லண்டனுக்கு வந்தது. ஏன்? அந்த ஏனைத்தான் நான் தேடுறன்."

"அதுக்கு இவ்வளவு தாளோ? என்னைக் கேட்டிருந்தா ஒரு நிமிசத்தில சொல்லியிருப்பனே."

"உங்களைத்தான் கேக்கப்போறன், அண்ணை" என்றார்.

என்னுடைய மனுசி அவரைப் பற்றி ஒரு கதை சொல்லுவாள். அவர் வரத் தொடங்கின மாதம், சமையலறையில் இருந்து வெளியே வந்து, "சாம்பார் எப்பிடித் தம்பி?" என்று கேட்டாள். கடைக்காரி கேட்டால் ஆரும் என்ன சொல்லுவார்கள்? இவர் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "உப்புக் கொஞ்சம் கூட, அக்கா. போன வியாழக்கிழமையும் கூட." மனுசி இரண்டு கிழமை அவர் இருந்த மேசைப் பக்கம் போகவில்லை. பிறகு என்ன நடந்தது? புதிதாக எதைச் சமைத்தாலும் ஒரு சின்னக் கோப்பையில் போட்டு முதலில் அவருக்குத்தான் கொண்டுபோவாள். "நீங்கள் எல்லாத்தையும் நல்லாயிருக்கு எண்டுறியள், உங்களை நம்பி என்ன செய்யிறது?" என்று எனக்கு ஏச்சு.

ஆர்ச்வே முருகன் கோயிலில் ஒரு திருவிழா. அன்னதானத்துக்கு நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். என்னோடு கூட வந்த புரொபசர் கதிரை அடுக்க உதவினார். மைக்கில் அறிவிக்கிறவர் ஆரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, இன்றைய அன்னதானத்துக்கு முன்னின்று உழைத்த புரொபசர் இன்னார் என்று முழங்கிவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் சனத்தை விலக்கிக்கொண்டு மைக் வரைக்கும் போய், "நான் ஒன்பது கதிரைதான் தூக்கினனான். சமைச்ச ஆக்கள் பின்னால நிக்கினம்" என்று சொல்லிவிட்டு வந்தார். சனம் சிரித்தது. எனக்குச் சங்கடம்.

"கோயில்ல சொன்னதைத் திருத்தினா முருகன் கோவிப்பான்" என்றேன்.

"முருகன் எண்ணிக்கொண்டுதானே இருந்திருப்பார்" என்றார்.

இவை எல்லாம் சிரிக்கக்கூடிய கதைகள். சிரிக்க ஏலாததும் உண்டு. வேறொரு ஊரில் ஒரு நல்ல வேலைக்கு நேர்முகத்துக்குப் போனாராம். அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதின புத்தகத்தை வைத்துக்கொண்டு, இதன் நடு அத்தியாயம் மிகத் திறம் என்று புகழ்ந்திருக்கிறார்கள். "அது நான் எழுதினதில்லை, மற்றவர் எழுதினது" என்றிருக்கிறார். வேலை மற்றவருக்குப் போயிற்று. இதை எனக்குச் சொல்லும்போது அவர் முகத்தில் கவலை இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது.

"உங்களுக்கு விசரோ? அவங்கள் புகழ்ந்தா வாயை மூடிக்கொண்டு இருக்கிறதுக்கென்ன?"

"இருந்து பாத்தனான், அண்ணை. ஏலாமக் கிடந்தது."

அவருக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஐரோப்பிய நாடொன்றில் பாஸ்போட் எடுத்துவிட்டு லண்டனுக்கு மாறிவந்த எங்களுடைய சனம். என்னுடைய கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார், விருப்பமானவர்கள் வந்து கதைக்கலாம் என்று. ஒரு மாதம் கிடந்தது. ஒரு குருவி வரவில்லை. வராது. எனக்குத் தெரியும். அப்போது எல்லோருக்கும் ஒரே பயம். ஐரோப்பாவை விட்டுப் போனால் எங்களை இங்கே இருக்க விடுவார்களா, எந்தப் படிவம் நிரப்பவேண்டும், எந்தப் பழைய கடிதத்தைக் காட்டவேண்டும் என்று தலை பிய்த்துக்கொண்ட நேரம்.

"என்னட்ட விடுங்கோ" என்றேன். சொன்னால் செய்கிறவன் நான். கோலியர்ஸ் வுட்டில் இருந்து, டூட்டிங்கில் இருந்து, பிளேஸ்டோவில் இருந்தெல்லாம் ஆள் கொண்டுவந்தேன். முப்பது பேருக்குக் குறையாது. வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவராலும் செய்திருக்க ஏலாத வேலை.

இப்போது நான் செய்த மற்ற வேலையைச் சொல்லவேண்டும்.

அகதியாக வந்த எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டில் வந்து இறங்கினதும் கேஸ் எழுதுவோம். ஏன் வந்தாய், எப்படி வந்தாய் என்று அதிகாரி கேட்பார். அதற்கு ஒரு கதை. நடந்ததில் கொஞ்சம், நடக்காததில் கொஞ்சம், முதலில் வந்தவர்கள் சொல்லித்தந்தது கொஞ்சம். அந்தக் கதையை மனப்பாடம் செய்து, நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அதையே சொல்லவேண்டும். ஒரு சொல் மாறினால் கேஸ் போச்சு. முப்பது வருசம் கழிந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. மேசையில் குரல் பதிகிற ரேப் வைத்து, தாளில் கையெழுத்து வாங்கிக் கேள்வி கேட்கிறவன் ஆராக இருந்தாலும் எங்களுக்கு அவன் இமிக்கிரேசன்தான்.

ஆகவே வந்த ஒவ்வொருவரும் முதலில் என்னிடம் கேட்டார்கள். "அண்ணை, என்ன சொல்லவேணும்?"

கடைக்குப் பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு கதிரை போட்டு ஒவ்வொருவரையும் இருத்தினேன். உண்மையை என்னிடம் சொன்னார்கள். பிளேஸ்டோவில் இருந்து வந்த பெண் பிரான்சை விட்டது புருசனுடைய கைக்குப் பயந்து, இரண்டு பிள்ளைகளோடு. ஜேர்மனிக்காரர் ஒருவர் பதினெட்டு வருசம் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காலை வணக்கம் சொல்லியிருக்கிறார். ஒருநாளாவது பதில் வணக்கம் வரவில்லை. ஒருநாள் காலை வணக்கம் சொல்லாமல் நின்று பார்த்தார், அன்றைக்குத்தான் அந்த மனிதன் அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தானாம். வீட்டை விற்றுவிட்டு வந்துவிட்டார். இன்னொருவர் தம்பியோடு கதைக்காத கோபத்தில் வந்தவர்.

"இதெல்லாம் சொல்லக்கூடாது" என்றேன். "நான் சொல்லுறதைச் சொல்லுங்கோ. பாஸ்போட் கையில வந்த அண்டைக்குத்தான் நான் மனுசனானன். லண்டனுக்கு வந்த அண்டைக்குத்தான் என்ர பிள்ளையள் மனுசரானவை. விளங்கிச்சோ? திருப்பிச் சொல்லுங்கோ."

என்னுடைய சொந்த வசனம். ஐந்தாம் வகுப்புக்காரன் செய்தது. எல்லோருக்கும் பாடமாக்கிக் கொடுத்தேன். நானும் அதையேதான் சொன்னேன். அவர் ரேப்பில் கேட்டு ஒரு சொல் விடாமல் எழுதி, நான் இருமின இடத்தில் 'இருமுகிறார்' என்றுகூடப் போட்டு, தாளைக் கொண்டுவந்து நீட்டினார். "இது நீங்கள் சொன்னதுதானே, அண்ணை? வாசிச்சுப் பாத்திட்டுக் கையெழுத்து வையுங்கோ." நான் வாசிக்காமலே வைத்தேன். என்னுடைய வசனத்தை நானே வாசிக்கவேண்டுமா?

ஒரு நாள் வந்து பிளேன்ரீயைத் தொடாமல் இருந்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கோணும். கன பேர் ஒரே வசனத்தைச் சொல்லினம். கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல். ஆக்கள் தங்களுக்குள்ள கதைச்சுப்போட்டு வருகினமோ? ஆரும் சொல்லிக் குடுக்கினமோ?"

என்னுடைய கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம்.

"பட்ட பாடு ஒண்டு, புரொபசர். வசனமும் ஒண்டாத்தான் இருக்கும்" என்றேன்.

அவர் கொப்பியை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். புரொபசர் என்றதைத் திருத்த மறந்துபோனார். எதையும் சரிபார்க்காமல் விடாத மனிதர் என்னை நம்பினார்.

அட்டையில் பட்டத்தை வெட்டினாரே, அந்த மாநாடு நடந்தது இதற்கு ஒரு வருசம் கழித்து. ஐரோப்பாவில் இருந்தெல்லாம் படித்தவர்கள் வந்திருந்தார்கள், எல்லோருக்கும் கழுத்தில் அட்டை. மத்தியானச் சாப்பாடு என்னுடைய பொறுப்பு. அவர்தான் பிடித்துத் தந்தார். போகும்போது வானில் சொன்னார், இந்தத் துறையில் ஒரு நிரந்தர வேலை வந்திருக்கிறது, அடுத்த கிழமை நேர்முகம், முடிவு சொல்லப்போகிற அம்மா முன்வரிசையில் இருப்பா என்று. ஐரோப்பாவில் இருந்து ஆராய்ச்சிக்கு வந்த காசு நின்றுகொண்டு வருகிறது. இது கிடைக்காவிட்டால் வருசத்துக்கு வருசம் புதுப்பிக்கிற வேலையும் இனி இல்லை. "இதுதான் கடைசி, அண்ணை" என்றார். அவர் அப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை.

தேத்தண்ணிப் பாத்திரத்தைப் பின்வரிசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நானும் இருந்தேன். அவர் பேச எழும்பினார். சுவரில் படம் காட்டுகிற திரையில் கோடுகள், வரைபடங்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு திரை வெறுமையாகி, பெரிய எழுத்தில் ஒரே ஒரு வசனம் வந்தது. இங்கிலிசில்தான். ஆனால் எனக்கு முதல் சொல்லிலேயே பிடிபட்டுவிட்டது.

என்னுடைய வசனம்!

இத்தனை நாட்டுக்காரர், இத்தனை படிப்பு, எல்லோரும் அண்ணாந்து என்னுடைய வசனத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நரைத்த மனிதர் அதைத் தன்னுடைய கொப்பியில் பார்த்து எழுதினார். நாங்கள் எல்லாம் வேலையையும் கூலியையும் அளந்தோம், இந்தச் சனம் மனிதராகிறதைப் பற்றிச் சொல்லுகிறது என்று முன்வரிசை அம்மா எழும்பிச் சொன்னா. கைதட்டினார்கள். நான் தேத்தண்ணிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

இடைவேளையில் அவர் என்னிடம் வந்தார். முகம் பொடியன் முகமாக மாறியிருந்தது. ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார்.

"அண்ணை, அந்தம்மா வந்து கை தந்தவ. இந்த முறை சரிவரும் போல கிடக்கு."

"வராமல்?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கவேண்டும். என்னால் ஏலாமல் போயிற்று. "அந்த வசனம் ஆர் செய்ததெண்டு நினைச்சியள்? நான்! அத்தினை பேருக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில இருத்திவைச்சுச் சொல்லிக் குடுத்தது நான். ஒருத்தரும் ஒரு சொல்லுப் பிழைக்கேல்லைப் பாத்தியளோ?"

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். மிச்ச ரோல்ஸைத் தட்டில் வைத்தார். ரிசுக் கடதாசி ஒன்றை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"எல்லாருக்குமோ?"

அவருடைய குரலைக் கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது. "எல்லாருக்கும் எண்டில்லை..."

"அண்ணை."

"ஓம். எல்லாருக்கும்."

"நான் உங்களைக் கேட்டனான்."

"சனம் பயந்திருந்தது, புரொபசர். உங்களுக்கு ஆள் வேணும், அவையளுக்குப் பாதுகாப்பு வேணும். நான் நடுவில நிண்டு ரெண்டு பேருக்கும் உதவி செய்தனான். இப்ப என்ன? நானும் நீங்களும் வாய் திறக்காட்டி ஒரு குருவிக்கும் தெரியாது."

அவர் குனிந்து தன்னுடைய நெஞ்சில் தொங்கின அட்டையைப் பார்த்தார். இரண்டு கோடும் அப்படியே இருந்தன.

பின்னேரக் கூட்டம் முடிகிற நேரம் கை உயர்த்தினார். இரண்டு நிமிசம் தரச்சொல்லிக் கேட்டார். என்னுடைய இங்கிலிசுக்கு விளங்கக்கூடியதாக, மெதுவாகத்தான் சொன்னார். காலையில் தான் காட்டிய வசனம் சனத்தினுடைய சொந்தச் சொல் இல்லை. தனக்குச் சொல்லவென்று பாடமாக்கப்பட்ட சொல். ஆகவே தன்னுடைய கட்டுரையில் இருந்து ஒரு முடிவையும் ஒருவரும் எடுக்கவேண்டாம். அந்தக் கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார். பிழை தன்னுடையது, கேட்கவேண்டிய விதத்தில் தான் கேட்கவில்லை.

என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

தலைமை தாங்கினவர் நன்றி சொன்னார். ஒருவர் இருமினார். ஒருவர் போனைப் பார்த்தார். முன்வரிசை அம்மா பேனையை மூடி வைத்தா. பிறகு எல்லோரும் எழும்பித் தேத்தண்ணிக்கு வந்தார்கள். அவரைச் சுற்றி ஒரு கதிரை தள்ளி ஒரு கதிரை தள்ளி நின்றுதான் கதைத்தார்கள். அன்றைக்குத்தான் என்னுடைய பெட்டியில் ரோல்ஸ் மிஞ்சினது.

மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டிகளை வானில் ஏற்ற அவரும் உதவினார். கோலியர்ஸ் வுட் வந்து சேர்ந்தோம். இறங்கப்போகும்போது நான்தான் தொடங்கினேன்.

"என்ர பிழையை ஏன் உங்கட பிழை எண்டு சொன்னியள்? அது பொய்யெல்லே? நீங்கள் பொய் சொல்லுறேல்லையே."

"பொய் இல்லை, அண்ணை. சனம் பயந்திருந்தது எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு ரேப்பை மேசையில வைச்சனான்."

நேர்முகத்துக்குப் போனார். அங்கேயும் கேட்டிருக்கிறார்கள், அங்கேயும் அதையே சொல்லியிருக்கிறார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. இருந்த வேலையும் புரட்டாதியோடு முடிந்தது. நான் கூட்டிக்கொண்டுவந்த ஆட்களிடம் சொன்னேன், திரும்பப் போய் உண்மையைச் சொல்லுங்கோ என்று. பிளேஸ்டோக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒருக்கா எழுதிக் குடுத்த கேஸை ஆரும் மாத்துவினமோ, அண்ணை? நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றாள்.

அவர் லண்டனை விட்டுப் போவதற்கு இரண்டு நாள் முந்தி, ஒரு பின்னேரம் கடைக்கு வந்தார். ஆட்கள் இல்லாத நேரம். யன்னலோரம் இருந்து, பையில் இருந்து ரேப்பை எடுத்து மேசையில் வைத்தார். பதிகிற பொத்தானை அமத்தவில்லை.

"அண்ணை, இது ஒரு கட்டுரைக்கும் இல்லை. எனக்கு இப்ப எழுத இடமும் இல்லை. சும்மா எனக்குத் தெரியவேணும், அவ்வளவுதான். நீங்கள் ஏன் ஹொலண்டை விட்டிட்டு வந்தனீங்கள்?"

மனுசி சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் மேசையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

"பிள்ளையளின்ர படிப்புக்குத்தான்" என்றேன். "லண்டனுக்கு வந்த அண்டைக்குத்தான் என்ர பிள்ளையள் மனுசரானவை."

திருத்துவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பாரைத் திருத்தினவர், முருகனுக்கு முன்னால் மைக்கைத் திருத்தினவர். அவர் ரேப்பை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"சரி, அண்ணை" என்றார். "போட்டு வாறன்."

"போட்டு வாங்கோ, புரொபசர்" என்றேன். அதையும் திருத்தவில்லை.

டென்மார்க்கில் ஒரு சின்ன ஊரில் தபாலகத்தில் கடிதம் பிரித்து அடுக்கிற இடத்தில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு முறை போன் எடுத்தேன். எடுத்து என்னுடைய வியாபாரத்தைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்தேன். போன மாரியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். செய்தி எனக்கு வந்தபோது எரித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மரண அறிவித்தல் அட்டையில் அவருடைய பெயருக்கு முன்னால் என்ன போட்டார்களோ தெரியாது.

அவர் கேட்டதற்குப் பதில் இது.

ஹொலண்டில் இருந்தபோது என்னுடைய மூத்த மகனுக்கு ஒன்பது வயசு. கணக்கில் கெட்டிக்காரன். வாய் திறந்து கதைக்கமாட்டான், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் தந்தார்கள். இரண்டு பக்கம். எனக்கு அந்தப் பாசையில் பூக்கன்றுப் பெயரும் ஏச்சும் தெரியும், வாசிக்கத் தெரியாது. தெரியாதென்று சொல்ல வெட்கம். முழுவதையும் வாசிக்கிற மாதிரிக் கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினேன். விளங்கினதா என்று ரீச்சர் கேட்டா. விளங்கினது என்றேன். ஒருக்கால் வீட்டில் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தரலாம் என்றும் சொன்னா. தேவையில்லை என்று கையெழுத்து வைத்தேன். படிக்க ஏலாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அவனை மாற்றுவதற்குத் தகப்பனுடைய சம்மதம் அது.

அங்கே மூன்று வருசம் இருந்தான். மணி உருட்டவும் தாள் வெட்டவும் பழக்கினார்கள். கணக்குக் கேட்டால் தலையைக் குனிவான். ஒரு தமிழாள் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கடிதத்தின் பிரதியை வாசித்துச் சொன்னார். மனுசி அப்போது கடைக்குப் போயிருந்தாள். நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்ததை அந்த மனிதர் ஆருக்காவது சொல்லிவிடுவார் என்ற பயத்தில்தான் நான் ஹொலண்டை விட்டேன். படிப்புக்கு இல்லை. சுதந்திரத்துக்கு இல்லை.

லண்டனில் அவன் படித்தான். இப்போது கட்டிட வரைபடம் கீறுகிற உத்தியோகம். அந்தப் பள்ளிக்கூடம் கறுப்புத் தோலைப் பார்த்துத் தன்னைத் தள்ளினது என்று இன்றைக்கும் திட்டுவான். என்னுடைய எழுபதாவது பிறந்தநாளில் மைக் பிடித்து, அப்பா எங்களுக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் என்று இங்கிலிசில் சொன்னான். மண்டபம் கைதட்டினது. மைக் மூன்று அடி தூரத்தில் இருந்தது. நான் கேக் வெட்டினேன்.

எழுதினதை இரண்டு தரம் வாசித்துவிட்டேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஆனால் அந்த மனிதர் இந்தத் தாளையும் கையில் எடுத்து, பேனையைத் திறந்து, "அண்ணை, உங்கட மகனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது எண்ட தைரியத்திலதானே எழுதுறியள்?" என்று கேட்டிருப்பார்.

ஓம். அதையும் சேர்த்து எழுதிவிட்டேன்.